தளிர்க்கும் பொழுதும் கன்றீனும் பொழுதும்: வடதுருவக் குளிர்நிலங்களில் தாவரப் பருவமும் விலங்கு வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

வடதுருவத்தையும் அதனை அடுத்துள்ள பகுதிகளையும் சார்ந்த குளிர்நிலங்களில் தாவரங்கள் தளிர்த்து வளரும் காலம் மிகக் குறுகியது. அக்குறுகிய காலத்தை நம்பியே அந்நிலத்துத் தாவர உண்ணிகள் தம் இளங்கன்றுகளை வளர்க்கின்றன. தளிர்ப்புக்குத் தாவரம் பனி உருகலையும் வெப்பத்தையும் சார்ந்துள்ளது. இனச்சேர்க்கைக்கு விலங்கு பெரும்பாலும் பகல்நீளத்தைச் சார்ந்துள்ளது. முன்னது ஆண்டுதோறும் மாறுவது, பின்னது மாறாதது. புவி வெப்பமாதலால் இவ்விரு பொழுதுகளும் விலகும்போது விலங்குகளுக்கு நேர்வது என்ன என்பதை மேற்குக் கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், வடகிழக்குக் கிரீன்லாந்து, பேரன்ட்ஸ் கடற்கரை, வட பின்லாந்து ஆகிய இடங்களில் நிகழ்ந்த நெடுங்கால ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பருவம் முந்துதல் என்னும் ஒரே காரணம் எல்லா விலங்குகளுக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதும், தாய் விலங்கு பாலூட்டலுக்கான ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது என்பதே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பருவநிகழ்வியல், தூந்திரம், துருவமான், கஸ்தூரி எருது, பகல்நீளம், உணவுக்காலப் பொருந்தாமை, பசுமை அலை.

1. முன்னுரை

உயிர்களின் வாழ்வை நிலத்தோடும் பொழுதோடும் இணைத்துக் காணும் நோக்குத் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, மாவும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருளாக அதன்மேல் அமைவதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் காட்டுகிறது. பொழுது பிறழுமாயின் அதன்மேல் நிற்கும் கருப்பொருள்கள் என்னாகும் என்பது இலக்கண நூலார் எதிர்கொள்ள நேராத வினா. இன்றைய உயிர்ச்சூழலியல் அவ்வினாவைக் களத்தில் எதிர்கொண்டு நிற்கிறது.

கார் முதல் முதுவேனில் ஈறான ஆறு பெரும்பொழுதுகளும் பருவமழை சார்ந்த நிலத்தின் பகுப்பு. அதனைத் துருவ நிலத்தின்மீது ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கிறது. தாவரம் முளைத்து, இலை விரித்து, பூத்து, விதைத்து ஓயும் காலம் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வெப்ப நிலங்களில் ஒரு விலங்கு இரண்டு வாரம் முன்னதாகவோ பின்னதாகவோ ஈன்றாலும் அதற்கு உணவு கிடைப்பதில் பெரும் வேறுபாடு நேராமலிருக்கலாம். தூந்திர நிலத்தில் அதே இரண்டு வாரம் இளந்தளிருக்கும் முற்றிய இலைக்கும் இடைப்பட்ட தொலைவாகிறது. ஆதலின் பொழுதுப் பிறழ்ச்சியின் விளைவுகளை ஆராய்வதற்குக் குளிர்நிலங்களே ஏற்ற களமாக அமைகின்றன.

2. கலைச்சொற்கள்

தளிர்த்தல், பூத்தல், வலசை வருதல், முட்டையிடுதல், கன்றீனுதல் முதலிய உயிர் நிகழ்வுகள் ஆண்டின் எந்நாளில் நிகழ்கின்றன, ஏன் அந்நாளில் நிகழ்கின்றன என ஆராயும் துறை மேலைநாடுகளில் ஃபீனாலஜி எனப்படுகிறது. தோன்றுதல் என்னும் பொருள்தரும் கிரேக்க வேரிலிருந்து இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் பெல்ஜியத் தாவரவியலாளர் சார்லஸ் மோரன். சொல் பிந்தியதாயினும் செயல் முந்தியது. ஜப்பானின் கியோட்டோ நகரில் சேரிமரம் பூக்கும் நாள் குறித்த பதிவுகள் 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கிய வசந்தகாலக் குறிப்புகளை அவர்தம் வழியினர் 1958 வரை தொடர்ந்தனர். இக்கட்டுரை இத்துறையைப் பருவநிகழ்வியல் என்னும் சொல்லால் குறிக்கிறது.

உண்பவற்றின் தேவை உச்சமடையும் காலமும் உணவின் வளம் உச்சமடையும் காலமும் விலகி நிற்பது இங்கு உணவுக்காலப் பொருந்தாமை எனப்படுகிறது. இக்கருத்து முதலில் நிலவாழ் விலங்குகளை நோக்கி எழுந்ததன்று. மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகளுக்கு உணவாகும் மிதவை உயிர்கள் பெருகும் காலமோ ஆண்டுதோறும் மாறுகிறது. இவ்விரண்டும் பொருந்திய ஆண்டில் மீன்வளம் பெருகும், பொருந்தாத ஆண்டில் குன்றும் என்னும் கருதுகோளை 1969 முதல் வளர்த்தெடுத்தவர் மீன்வள அறிஞர் டேவிட் குஷிங். கடலுக்காக எழுந்த இக்கருதுகோள் பின்னர்ப் பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் விரிக்கப்பட்டது.

துருவமான் என இங்குக் குறிக்கப்படுவது ஐரோப்பாவில் ரெயின்டீர் என்றும் வட அமெரிக்காவில் கேரிபூ என்றும் வழங்கும் ஒரே இனமாகும்.

3. இருவேறு பொழுதறி முறைகள்

3.1 தாவரம் பொழுதறியும் முறை

தூந்திரத்தில் வளரும் குட்டைப் பூர்ச்சம், வில்லோ, கோரை, புல், சிறுபூண்டு ஆகியவற்றுள் பல முந்தைய கோடையிலேயே மொட்டுகளை உருவாக்கி வைத்துக்கொண்டு பனியின்கீழ் உறங்குகின்றன. பனி விலகி, மண் இளகி, காற்றில் வெப்பம் ஏறியதும் அவை விரைந்து தளிர்க்கின்றன. பகல்நீளத்திற்கும் சில இனங்களில் பங்குண்டு. ஆயினும் தளிர்க்கும் நாளைப் பெரிதும் தீர்மானிப்பவை பனி உருகும் நாளும் அதனைத் தொடரும் வெப்பமுமே. ஆகவே வசந்தம் முந்தினால் தாவரமும் முந்துகிறது. தாவரம் நிகழ்காலத்தைப் படிக்கிறது எனலாம்.

3.2 விலங்கு பொழுதறியும் முறை

துருவமானின் நிலை வேறு. கோடை முடிந்து பகல் குறுகத் தொடங்கும்போது அதன் உடலில் மெலட்டோனின் முதலிய சுரப்புகளின் ஒழுங்கு மாறி, இலையுதிர் காலத்தில் இனச்சேர்க்கை நிகழ்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ ஏழரை மாதம். அக்டோபரில் சினையுற்ற மான் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ கன்றீனுகிறது. தாயின் உடல்நிலையைப் பொறுத்துச் சினைக்காலம் சில நாள் கூடவோ குறையவோ செய்யலாமாயினும் பெருமளவு நெகிழ்வதில்லை. அடுத்த வசந்தம் முந்துமா பிந்துமா என்பதை அறிய வழியில்லாத அக்டோபர் மாதத்திலேயே கன்று பிறக்கும் நாள் பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது.

பகல்நீளம் வானியல் சார்ந்தது; எவ்வாண்டிலும் பிறழாதது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பகல்நீளத்திற்கும் பனி உருகலுக்கும் இடையே ஏறத்தாழ நிலையான தொடர்பு இருந்தமையால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முன்னறிவது விலங்குக்குப் பயனுடையதாக இருந்தது. அத்தொடர்பு தளரும்போது முன்னறிவு பிழைபடுகிறது.

4. இளந்தளிரின் உணவு மதிப்பு

சில நாள் வேறுபாடு இத்துணை முதன்மை பெறுவதன் காரணம் தளிரின் இயல்பில் உள்ளது. புதிதாக வெளிப்பட்ட இலையில் புரதம் மிகுதி, நார்ப்பொருள் குறைவு. இலை முற்றமுற்றப் புரதம் குறைந்து நார் கூடுகிறது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் நார்மிக்க உணவு நெடுநேரம் தங்குவதால் அது ஒரு நாளில் உண்ணக்கூடிய அளவும் குறைகிறது. தரம் சிறிது குறைந்தால் செரிமானம் குறைகிறது. செரிமானம் குறைந்தால் உண்ணும் அளவும் குறைகிறது. இவ்வாறு சிறு தரவேறுபாடு உடல் எடையிலும் இனப்பெருக்கத்திலும் பன்மடங்காகப் பெருகுவதை ஆர். ஜி. ஒயிட் 1983இல் வடநிலத் தாவர உண்ணிகளைக் கொண்டு விளக்கினார்.

தாய்மானின் தேவை உச்சமடைவது கன்றீன்ற முதல் சில வாரங்களில். கன்றின் எடை தாய்ப்பாலைச் சார்ந்தது. பால் தாய் மேயும் தளிரைச் சார்ந்தது. கோடை முடிவதற்குள் போதிய எடை பெறாத கன்றுக்கு அடுத்து வரும் குளிர்காலம் கடத்தற்கரியது. எனவே பனி உருகும் நாளில் நேரும் மாற்றம் தளிர், பால், கன்றின் எடை, அதன் உயிர் என்னும் வரிசையில் இறங்கிச் செல்கிறது.

5. காங்கர்லுசுவாக்: பொருந்தாமைக்கு ஒரு சான்று

மேற்குக் கிரீன்லாந்தில் ஏறத்தாழ 67 பாகை வடக்கு அகலாங்கில் உள்ள காங்கர்லுசுவாக் பகுதியில் எரிக் போஸ்ட் 1993 முதல் துருவமான்களை ஆராய்ந்து வருகிறார். உள்நாட்டுப் பனிப்படலத்தின் விளிம்பை ஒட்டிய இப்பகுதிக்கு மான்கள் வசந்தத்தில் கன்றீனும் பொருட்டு வருகின்றன. ஆய்வாளர்கள் ஒருபுறம் சிறு நிலக்கூறுகளில் எந்தெந்தத் தாவரம் எந்நாளில் முளைக்கிறது எனப் பதிந்தனர். மறுபுறம் பெண்மான்களையும் கன்றுகளையும் நாள்தோறும் எண்ணினர். கன்றீனும் காலம் தொடங்கும் வேளையில் தீவனத் தாவரங்களில் எத்தனை விழுக்காடு ஏற்கெனவே முளைத்துவிட்டன என்பது பொருந்தாமையின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது.

போஸ்டும் மாட்ஸ் ஃபோர்ச்ஹாம்மரும் 2008இல் வெளியிட்ட முடிவுகள் தெளிவானவை. ஆய்வுக்களத்தின் சராசரி வசந்தகால வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்ந்திருந்தது. தாவர வளர்ச்சிக்காலம் முந்தியது. மான்கள் கன்றீனும் காலம் அதற்கு ஈடாக முந்தவில்லை. இதனால் கன்றுகளின் இறப்பு கூடியது. கன்று உற்பத்தி நான்கிலொரு பங்காகக் குறைந்தது.

இங்கு இடம் சார்ந்த ஒரு கூறும் கருதத்தக்கது. மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் கொண்ட நிலத்தில் பனி எல்லா இடத்திலும் ஒரே நாளில் உருகுவதில்லை. கதிரவனை நோக்கிய சரிவில் முன்னரும், நிழல்பட்ட பள்ளத்தில் பின்னரும் தளிர் தோன்றுகிறது. இவ்வேறுபாடு மானுக்கு ஒரு காப்பு. ஓரிடத்தில் இலை முற்றினாலும் மற்றோரிடத்தில் இளந்தளிர் காத்திருக்கும். நடந்து சென்று மேய்ந்தால் தளிர்க்காலம் நீளும். வெப்பம் ஏறும்போது எல்லா இடங்களிலும் தளிர்ப்பு ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழத் தொடங்குவதைக் களக்கவனிப்பாலும் வெப்பமூட்டும் சோதனையாலும் போஸ்ட் குழுவினர் காட்டினர். காலத்தில் நேர்ந்த பிழையை இடம்பெயர்ந்து ஈடுசெய்யும் வழியும் இதனால் குறுகுகிறது.

6. மாற்றுச் சான்றுகள்

காங்கர்லுசுவாக் முடிவை மட்டும் கொண்டு, வசந்தம் முந்தினால் துருவ விலங்குகள் யாவும் குன்றும் எனப் பொதுவிதி கூறுதல் பிழையாகும். பின்வரும் இரு சான்றுகள் அதனை உணர்த்துகின்றன.

6.1 அதே நிலத்தில் கஸ்தூரி எருது

காங்கர்லுசுவாக்கில் துருவமானோடு கஸ்தூரி எருதும் மேய்கிறது. வடகிழக்குக் கிரீன்லாந்திலிருந்து 1960களில் கொண்டுவந்து விடப்பட்ட சிறு கூட்டம் இங்குப் பெருகியது. நிலமும் தாவரமும் வசந்தமும் இரண்டுக்கும் ஒன்றே. எனினும் 2013இல் ஜெஃப்ரி கெர்பியும் போஸ்டும் வெளியிட்ட ஒப்பாய்வில், துருவமானின் கன்று உற்பத்தி அவ்வாண்டு வசந்தத்தின் பொருந்தாமையோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது; கஸ்தூரி எருதின் கன்று உற்பத்தி அவ்வாறு அமையவில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் ஈனும் முறையில் உள்ளது. கஸ்தூரி எருது தாவரம் முளைப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே, பனி கிடக்கும் நிலத்தில் ஈனுகிறது. முந்தைய கோடையில் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே தொடக்ககாலப் பாலைத் தருகிறது. துருவமான் அவ்வாண்டுத் தளிரை மேய்ந்து பால் தருகிறது. முன்னதை இருப்பில் ஈனும் விலங்கு என்றும், பின்னதை வரவில் ஈனும் விலங்கு என்றும் கூறலாம். இருப்பில் வாழ்பவனை ஒருநாள் வரவு தவறுதல் உடனே தாக்குவதில்லை. அன்றாட வரவில் வாழ்பவனுக்கோ ஒருநாள் தவறினாலும் அடுப்பெரியாது. கஸ்தூரி எருதுக்கு இதனால் இடர் இல்லை என்பது பொருளன்று. அதன் இடர் முந்தைய ஆண்டுகளின் மேய்ச்சல் நிலையில் தங்கியிருக்கிறது.

6.2 ஸ்வால்பார்ட் துருவமான்

வரவு, இருப்பு என்னும் இப்பகுப்பும் இனத்தோடு மாறாது ஒட்டிய ஒன்றன்று. நார்வேக்கு வடக்கே வடதுருவக் கடலிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் வாழும் துருவமான்கள் நெடுந்தொலைவு வலசை செல்வதில்லை. இங்கு ஏப்ரல் மாதத்தில் பெண்மான்களைப் பிடித்து எடைபார்த்து விடுவிக்கும் ஆய்வு 1990களிலிருந்து நடைபெற்று வருகிறது. விபியோர்ன் வெய்பெர்க் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டின் கன்று உற்பத்தியைத் தீர்மானித்தது குளிர்கால இறுதியில் தாய்மான் கொண்டிருந்த எடை. வசந்தத்தின் முந்துதலோ பிந்துதலோ அன்று. இனம் ஒன்றாயினும் காங்கர்லுசுவாக்கில் கண்ட முடிவு இங்கு வாய்க்கவில்லை.

தாயின் எடையைக் குறைப்பது எது என்னும் வினாவுக்கு விடை குளிர்கால மழை. வெப்பம் ஏறிய குளிர்காலத்தில் பனியின்மேல் மழை பெய்து உறைந்தால் நிலத்தின்மேல் பனிக்கட்டிப் படலம் உருவாகிறது. கீழே உள்ள தாவரம் மானுக்கு எட்டாமற் போகிறது. அதே வேளையில் இலையுதிர் காலம் வெப்பமுற்றுப் பனி பிந்தி விழும் ஆண்டுகளில் மான்கள் நெடுநாள் மேய்ந்து எடை கூடுவதையும், அது குளிர்காலக் கேட்டை ஓரளவு ஈடுசெய்வதையும் லெய்ஃப் எகில் லூ குழுவினரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வளர்ச்சிக்காலத்தின் தொடக்கத்தை மட்டும் நோக்கிய ஆய்வாளர் கண்ணுக்கு அதன் இறுதி தப்பிவிடக்கூடும் என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

7. பசுமை அலையும் வலசையும்

இதுவரை கண்டவை தளிர்க்கும் நிலத்திலோ அதன் அருகிலோ குளிர்காலத்தைக் கழிக்கும் விலங்குகள். தொலைவிலிருந்து வரும் பறவைக்குச் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. வசந்தம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும்போது இளம்புல்லும் அவ்வழியே படிப்படியாகத் தோன்றுகிறது. இதனைப் பசுமை அலை என்பர். புல்மேயும் வாத்துகள் இவ்வலையைத் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு தங்கலிலும் இளம்புல்லை மேய்கின்றன என்னும் கருத்தை ரூடால்ஃப் டிரெண்ட் முதலிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1970களில் முன்வைத்தனர்.

வட கடலோரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வாத்துகள் பால்டிக் பகுதியில் தங்கி மேய்ந்து, 3000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, ரஷ்யாவின் பேரன்ட்ஸ் கடற்கரையை அடைந்து முட்டையிடுகின்றன. துருவத்தில் வசந்தம் தெற்கைக் காட்டிலும் விரைவாக முந்துகிறது. டாமஸ் லாமெரிஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வாத்துகள் ஆற்றும் எதிர்வினையை விளக்கியது. பனி முந்தி உருகும் ஆண்டுகளில் அவை இடைத்தங்கல்களைக் குறைத்து, விரைந்து பறந்து, முன்னதாகவே வந்து சேர்கின்றன. எனினும் முட்டையிடுதல் அதே அளவு முந்தவில்லை. தங்காமல் வந்த பறவையின் உடலில் முட்டைக்கு வேண்டிய இருப்பு இல்லை; வந்த இடத்தில் மேய்ந்து அதைச் சேர்த்த பின்னரே முட்டையிட இயலும். வழியில் சேமித்த நாள்கள் முடிவில் கழிந்துபோகின்றன. குஞ்சு பொரிக்கும்போது புல்லின் தரம் உச்சத்தைக் கடந்துவிடுகிறது; அத்தகைய ஆண்டுகளில் குஞ்சுகள் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது.

பொழுதை உணர்ந்து நடையை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு ஒரு விலங்குக்கு இருந்தாலும், உடலின் ஆற்றல் கணக்கு அந்நெகிழ்வுக்கு எல்லை வகுக்கிறது என்பது இதனால் புலனாகிறது. இருப்பு, வரவு என்னும் மேற்கண்ட பகுப்பு பறவையிடத்தும் செல்லுபடியாவது குறிப்பிடத்தக்கது.

8. மேய்ச்சலின் எதிர்வினை

தாவரம் விலங்கைப் பாதிப்பது மட்டுமே இவ்வுறவின் முழுமையன்று. காங்கர்லுசுவாக்கில் போஸ்டும் கிறிஸ்டியன் பெடர்சனும் சில நிலக்கூறுகளை வெப்பமூட்டி, சிலவற்றில் துருவமானும் கஸ்தூரி எருதும் புகாதவாறு வேலியிட்டு ஒப்பிட்டனர். வேலிக்குள் வெப்பமூட்டிய இடங்களில் குட்டைப் பூர்ச்சமும் வில்லோவும் பெருகின; மேய்ச்சல் தொடர்ந்த இடங்களில் அப்பெருக்கம் பெரிதும் அடங்கியது. 2008இல் வெளியான இம்முடிவு, மேயும் விலங்கு குறையுமானால் புதர் பெருகி நிலத்தின் இயல்பே மாறும் என்பதைக் காட்டுகிறது. பொருந்தாமையால் கன்று குறைவது விலங்கின் இழப்போடு நின்றுவிடாமல் தாவரத்தையும் சென்றடைகிறது.

9. சாக்கன்பர்க்: காலநீட்சி தரும் பாடம்

வடகிழக்குக் கிரீன்லாந்தில் ஏறத்தாழ 74 பாகை வடக்கில் அமைந்த சாக்கன்பர்க் ஆய்வுநிலையத்தில் பூத்தல், பூச்சிகள் வெளிப்படுதல், பறவைகள் முட்டையிடுதல் ஆகியவை 1996 முதல் ஒரே முறையில் பதியப்படுகின்றன. முதல் பத்தாண்டுத் தரவைக் கொண்டு டோக்கே ஹூயே குழுவினர் 2007இல், இந்நிகழ்வுகள் பத்தாண்டுக்குச் சராசரியாக 14.5 நாள் முந்தியுள்ளன என அறிவித்தனர். உலகில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிக விரைவான மாற்றங்களில் ஒன்றாக அது கருதப்பட்டது.

அதே களத்தின் 25 ஆண்டுத் தரவை நீல்ஸ் மார்ட்டின் ஷ்மிட் குழுவினர் மீண்டும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டபோது படம் மாறியது. முதல் பத்தாண்டில் தெளிவாகத் தெரிந்த முந்துதல் பின்னர்த் தொடரவில்லை. ஒரே திசையில் செல்லும் போக்கைவிட, ஆண்டுக்காண்டு நேரும் பெரும் ஏற்றத்தாழ்வே ஓங்கி நின்றது. 2018ஆம் ஆண்டில் மிகுந்து பெய்த பனி நெடுநாள் உருகாமல் கிடந்ததால் தாவரம், பூச்சி, பறவை, பாலூட்டி எனப் பெரும்பாலானவற்றின் இனப்பெருக்கம் அங்குப் பொய்த்தது.

முன்னைய ஆய்வு பிழையென்று இதனைக் கொள்ளலாகாது. அது தன் காலத்துத் தரவுக்கு உண்மையாகவே இருந்தது. பத்தாண்டில் போக்காகத் தோன்றுவது கால் நூற்றாண்டில் அலைவின் ஒரு பகுதியாகத் தோன்றலாம் என்பதே இது தரும் பாடம். விலங்கைப் பொறுத்தவரை அலைவு போக்கைவிட எளிதானதன்று. ஒரே திசையில் மெல்ல நகரும் பொழுதுக்குத் தலைமுறை தலைமுறையாக இசைந்துகொள்ள வழியுண்டு. முன்னும் பின்னும் வீசியடிக்கும் பொழுதுக்கு இசைவது எவ்வாறு என்பது விடைகாண வேண்டிய வினா.

10. பொழுதின் பெயர்கள்

மொழி ஆய்வாளர் கருதத்தக்க ஒரு செய்தி இங்கு உண்டு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகியவற்றின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் சாமி மக்கள் துருவமான் வளர்ப்பை வாழ்வாகக் கொண்டோர். அவர்தம் மரபில் ஆண்டு எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. வட சாமி மொழியில் மே மாதத்தின் பெயர் மியெஸ்ஸெமான்னு. மான்கன்றின் மாதம் என்பது பொருள். அக்டோபரின் பெயர் கொல்கொத்மான்னு. இனச்சேர்க்கைக் காலத்தில் களைத்து ஓய்ந்த கலையின் பெயரால் அம்மாதம் அழைக்கப்படுகிறது.

மேலே 3.2இல் உடலியல் வழிக் கண்ட சினைக்காலத்தின் இரு முனைகளும் இவ்விரு பெயர்களில் பதிந்திருப்பதைக் காணலாம். விலங்கின் பொழுதே மாதத்தின் பெயராகும் அளவுக்கு அப்பொழுது உறுதியாக இருந்தது என்பதற்கு அம்மொழியே சான்று. எனினும் அவ்வுறுதியும் முற்றும் அசையாததன்று. வட பின்லாந்தின் குட்டுஹார்யுவில் ஆய்வுக்கெனப் பேணப்படும் துருவமான் மந்தையில் 1970 முதல் 2016 வரை கன்றீனும் காலம் ஏறத்தாழ 7 நாள் முந்தியுள்ளதை அமேலி பாவோலி குழுவினர் 2018இல் காட்டினர். வளர்ப்பு மந்தையில் கண்டதைக் காட்டு மந்தைக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் விலங்கின் பொழுதும் ஓரளவு நகரவல்லது என்பதையும், கேள்வி அந்நகர்வின் வேகம் பற்றியது என்பதையும் இது தெளிவுபடுத்துகிறது.

சாமி மக்களுக்கு இது ஏட்டளவிலான செய்தியன்று. கன்று பிழைத்தலும் பிழையாமையும் அவர்களின் வாழ்வாதாரம். பனியின்மேல் மழை பெய்து உறையும் குளிர்காலங்களில் மந்தைக்குத் தீவனத்தை விலைக்கு வாங்கி இடவேண்டிய நிலையும் அவர்களுக்கு நேர்கிறது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகளால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

அ. குளிர்நிலத்தில் தாவரம் பனி உருகலையும் வெப்பத்தையும் கொண்டும், துருவமான் போன்ற விலங்கு பெரிதும் பகல்நீளத்தைக் கொண்டும் பொழுதறிகின்றன. பொருந்தாமையின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது.

ஆ. வசந்தம் முந்துதலின் விளைவு எல்லா விலங்குக்கும் ஒன்றன்று. அவ்வாண்டுத் தளிரின் வரவைக் கொண்டு ஈனும் விலங்கு உடனே பாதிப்புறுகிறது. சேர்த்த இருப்பைக் கொண்டு ஈனும் விலங்குக்கு இலையுதிர் காலமும் குளிர்காலமும் மிகுந்த முதன்மை பெறுகின்றன. ஒரே இனத்துள்ளும் இடத்தால் இது வேறுபடுவதைக் காங்கர்லுசுவாக்கும் ஸ்வால்பார்டும் காட்டுகின்றன.

இ. விரைந்து வலசை வருதல் போன்ற நெகிழ்வுகள் உடலின் ஆற்றல் எல்லைக்குள்ளேயே பயன் தருகின்றன.

ஈ. குறுகிய காலத் தரவைக் கொண்டு பொதுவிதி கூறுதல் ஏற்புடையதன்று. நெடுங்காலம் ஒரே முறையில் பேணப்படும் களப்பதிவே இத்துறையின் அடித்தளம்.

இவ்வாய்வுக்குத் தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து ஆகிய உயர்ந்த குளிர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்யும் புல்மேய்ப் பறவைகள். அங்கே புல் தளிர்க்கும் பொழுது மாறுமாயின் இங்கு வரும் கூட்டத்தின் எண்ணிக்கையிலும், அதிலுள்ள இளம்பறவைகளின் விகிதத்திலும் அது தெரியக்கூடும். ஆண்டுதோறும் பறவைகள் வரும் நாள், போகும் நாள், இளம்பறவைகளின் பங்கு ஆகியவற்றை ஒரே முறையில் பதிந்து வைப்பது தமிழில் பருவநிகழ்வியலுக்கு நல்ல தொடக்கமாக அமையும். பொழுதை முதற்பொருளாகக் கண்ட மரபு, அப்பொழுது பிறழும் காலத்தில் அதனை நாள்தோறும் குறித்துவைக்கும் கடமையையும் ஏற்க வேண்டும்.